ஈரம் இல்லையேல் மரப்பேன் இல்லை

(பண்டார் தெங்காராவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த ஒரு மாலை வேளையில் ஆற்றப்பட்ட உரை)



மரப்பேனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று கூறியதும் உங்களுள் சிலர் சிரித்தீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. சம்பளம், பிள்ளைகளின் கல்வி, சொந்த வீடு என்று பேச வேண்டியவை எத்தனையோ இருக்கும்போது, காலடியில் ஊரும் ஒரு சிற்றுயிரைப் பற்றி உரையாற்ற ஒருவன் வந்து நின்றால் சிரிப்பு வருவது இயல்பே. ஆயினும் இப்பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நான் அறிந்த ஓர் அம்மையார், தம் வீட்டுக் குளியலறை ஓரத்திலும் சமையற்கட்டின் சுவரடியிலும் இரவானதும் சாம்பல் நிறப் பூச்சிகள் கூட்டமாக வருகின்றன என்று முறையிட்டார். கடையிலிருந்து பூச்சி மருந்து வாங்கி மூன்று முறை அடித்தாராம். அடித்த அன்று செத்துக் கிடந்தன. அடுத்த மழைக்குப் பின் மீண்டும் வந்துவிட்டன. கைக்குழந்தை தவழும் தரையெல்லாம் மருந்தானதுதான் மிச்சம். “ஐயா, இவை எங்கிருந்து வருகின்றன? எப்போதுதான் ஒழியும்?” என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், அது அவர் வீட்டுச் சுவரில் தொடங்கி, நீங்கள் நாள்தோறும் மிதித்து நடக்கும் நிரை வரை செல்கிறது. ஆகவேதான் இதனை உங்கள் முன் வைக்க விரும்பினேன்.

முதலில் இவ்வுயிரை அடையாளம் கண்டுகொள்வோம். தோட்டத்தில் விழுந்து மக்கிக் கிடக்கும் பால்மரக் கட்டை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். கையால் அன்று, ஒரு கம்பால் புரட்டுங்கள், ஏனெனில் அங்கே பூரானும் தேளும்கூடக் குடியிருக்கலாம். கட்டையின் அடியில் நீள்வட்டமான சிற்றுயிர்கள் பல தென்படும். அரை அங்குலத்திற்கு உட்பட்ட நீளம். சாம்பல் அல்லது பழுப்பு நிறம். கூரை ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாகப் பதித்தாற்போன்ற முதுகு. வெளிச்சம் பட்டதும் நாற்புறமும் சிதறி ஓடும். ஓடாமல் பயற்றம் மணிபோல் உருண்டுகொள்ளும் வகையும் உண்டு. இதனைத்தான் மரப்பேன் என்று குறிப்பிடுகிறேன். பெயரில் பேன் இருப்பினும் தலையில் ஊரும் பேனுக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. இது மனிதரைக் கடிப்பதில்லை, குருதி குடிப்பதில்லை, நமக்கு நோய் பரப்புவதுமில்லை.

மரவட்டையோடும் இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மரவட்டைக்கு உடலின் பெரும்பாலான வளையங்களில் இவ்விரண்டு இணையாகக் கால்கள் நிறைந்திருக்கும். நம் காட்டோரங்களில் கோலிக்குண்டு அளவிற்கு உருண்டுகொள்ளும் மரவட்டையும் உண்டு. வளர்ந்த மரப்பேனுக்கோ 7 இணை, அதாவது 14 கால்கள். மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். எறும்பு, கரப்பான் முதலிய பூச்சிகளுக்கு 6 கால்கள், சிலந்திக்கு 8. எனவே மரப்பேன் பூச்சி இனத்தைச் சேர்ந்ததே அன்று. பின் எந்த இனம் என்றால், நீங்கள் சந்தையில் எடை போட்டு வாங்கும் இறாலுக்கும் நண்டுக்கும் இது பங்காளி.

ஆம், இது கடலிலிருந்து வந்த குடும்பம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இதன் முன்னோர் கடலை விட்டுக் கரையேறின. இன்று தரையில் வாழும் மரப்பேன் வகைகள் உலகெங்கும் 3,500க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. அலை தெறிக்கும் கடற்கரைப் பாறைகளிலும் படகுத்துறைக் கற்களிலும் கரப்பானைப் போல் விரைந்தோடும் ஓர் உயிரை நீங்கள் கண்டிருக்கக்கூடும். அதுவும் இக்குடும்பமே, கடலை விட்டு முழுவதும் வர மனமின்றிக் கரையோரத்திலேயே தங்கிவிட்ட கிளை. இன்னும் கடலுக்குள்ளேயே இருக்கும் உறவினர் மிகப் பலர். 2018ஆம் ஆண்டில் மேற்கு ஜாவாவை அடுத்த ஆழ்கடலைச் சிங்கப்பூர், இந்தோனேசிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 33 செண்டிமீட்டர் நீளமுள்ள உறவினன் ஒருவன் அகப்பட்டான். 2020இல் அதற்குச் சூட்டப்பட்ட அறிவியற்பெயரில் ‘ராக்சாசா’ என்னும் சொல் இடம்பெற்றது. மலாய்மொழியில் வழங்கும் அச்சொல் நம் இராட்சதனே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் பொருளுக்கு வருவோம். கடலை விட்டுக் கரையேறிய எந்த உயிருக்கும் முதற்பெரும் தொல்லை, உடலிலுள்ள நீரைக் காற்று குடித்துவிடாமல் காத்துக்கொள்வதே ஆகும். பூச்சிகள் அதற்கு ஒரு வழி கண்டன. அவற்றின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. மழைக்குத் தார் பூசிய கூடையைப் போல், அது உள்ளிருக்கும் நீரை வெளியே விடாது. அதனால்தான் எறும்பு நண்பகல் வெயிலில் சுடுமணலில் நடக்கிறது.

இம்மெழுகின் அருமையை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர் என்றே சொல்லலாம். விதைக்கு வைத்த பயற்றில் அவர்கள் சாம்பலோ செம்மண்ணோ கலந்து வைப்பதை உங்களுள் மூத்தோர் பார்த்திருப்பீர்கள். பயற்றுக்குள் நுழையும் வண்டின் உடலில் அந்நுண்ணிய தூள் உராய்ந்து மெழுகைச் சுரண்டிவிடுகிறது. மெழுகு போனதும் வண்டு நஞ்சின்றியே உலர்ந்து சாகிறது. நம் வீடுகளில் வழிவழியாகச் செய்து வந்ததன் காரணத்தை இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில்தான் ஆய்வுக்கூடங்கள் விளக்கின.

மரப்பேனிடம் அத்தகைய மெழுகுக் காப்பு போதிய அளவில் இல்லை. அதன் முதுகு ஓடு பார்ப்பதற்குக் கவசம்போல் இருந்தாலும் நீரைத் தடுப்பதில் அது சாக்குத் துணியைப் போன்றதே. போதாததற்கு உருவமும் சிறிது. ஒரு வாளி நீரை வெயிலில் வைத்தால் மாலை வரையிலும் இருக்கும். அதே வெயிலில் சிமெண்டுத் தரையில் தெளித்த துளிகள் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும். மரப்பேன் அந்தத் துளியின் நிலையில் இருக்கிறது. உலர்ந்த காற்றில் வைத்தால் சில மணி நேரத்திலேயே இறந்துவிடும் வகைகளும் உண்டு.

மூச்சுவிடும் முறையும் ஈரத்தையே நாடி நிற்கிறது. இறாலும் நண்டும் செவுள்களால் நீரிலுள்ள உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன. கரையேறிய மரப்பேன் அச்செவுள்களைக் கைவிடவில்லை. அதன் உடலின் பின்பகுதியில், அடிப்புறத்தில், மெல்லிய தகடுகளாக அவை இன்றும் இருக்கின்றன. அத்தகடுகளின்மேல் ஈரப்படலம் இருக்கும்வரை காற்றிலுள்ள உயிர்வளி அதில் கரைந்து உள்ளே செல்லும். படலம் உலர்ந்தால் மூச்சு முட்டும். சில வகைகளுக்கு அத்தகடுகளில் காற்றை உள்வாங்கும் நுண்குழாய்கள் வளர்ந்துள்ளன. மரப்பேனைக் கண்ணாடித் துண்டின்மேல் விட்டுக் கீழிருந்து நோக்கினால், அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அவ்வகைகள் சற்றே வறண்ட இடத்தையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அவற்றாலும் ஈரத்தை அடியோடு மறக்க இயலாது.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கும். நம் உடலில் சேரும் கழிவை நாம் சிறுநீராகக் கழிக்கிறோம். அதற்கு நீர் செலவாகிறது. மரப்பேனால் அவ்வளவு நீரைச் செலவிட இயலாது. ஆகவே அது தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியா வாயுவாக மாற்றி உடலின் வழியே காற்றில் விட்டுவிடுகிறது. அம்மோனியா என்றதும் உங்களுக்கு ஸ்டோர் நினைவிற்கு வரும். வாளியில் கொண்டுவந்த பால் உறைந்துவிடாமல் இருக்க ஊற்றும் மருந்து அதுவேயன்றோ? அதே பாலை உறைய வைக்க ஊற்றும் பார்மிக் அமிலமோ எறும்பிலிருந்து பெயர் பெற்றது. முதன்முதலில் அது எறும்புகளிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. பாலைக் காக்கும் பொருள் மரப்பேனிடமும், பாலை உறைவிக்கும் பொருள் எறும்பிடமும் இருப்பதை எண்ணினால், நம் ஸ்டோரில் நடக்கும் வேலை அவ்வளவு புதிதன்று என்றுதான் தோன்றுகிறது.

தாய்மார்கள் கேட்க வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. தாய் மரப்பேன் முட்டைகளை மண்ணில் இட்டுச் செல்வதில்லை. இட்டால் உலர்ந்துவிடும். அதன் மார்பின் அடியில் தகடுகளாலான ஒரு பை இருக்கிறது. அப்பையில் நீர்மம் நிறைந்திருக்கும். முட்டைகள் அதிலேயே கிடந்து, பொரிந்து, நடக்கத் தகுதி பெற்ற பின்னரே வெளியேறுகின்றன. கடலை விட்டு வந்த குடும்பம் தன் பிள்ளைகளுக்கென ஒரு துளி நீரை மடியிலேயே சுமந்து வருகிறது. வெளிவரும் குஞ்சுக்கு 12 கால்களே இருக்கும். தோலுரித்து வளர்கையில்தான் கடைசி இணை தோன்றும். எண்ணிப் பார்க்கும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் நான் தவறாகச் சொன்னதாக எண்ணிவிடுவீர்கள்.

இவ்வாறு நீரைக் காக்க வழியற்ற ஓர் உயிர், ஈரமான இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1937இல் கன் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் இதனை ஆராய்ந்து எழுதினார். மரப்பேன் ஈரத்தை நோக்கி நேராக நடந்து செல்வதில்லை. வறண்ட காற்றில் அது ஓயாமல் நடக்கிறது. ஈரமான காற்றில் நடை தளர்ந்து நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். வறண்ட இடத்தில் நிற்காமல் அலைபவை எல்லாம் எப்போதாவது ஈரமான இடத்தை அடைந்து, அங்கே தங்கிவிடுகின்றன. நாம் கட்டையைப் புரட்டிப் பார்க்கும்போது, எல்லாம் ஒன்றுகூடி முடிவெடுத்து அங்கே வந்தவைபோல் தோன்றுகிறது.

கூட்டமாக இருப்பதிலும் பயன் உண்டு. 1926இல் ஆலி என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் மரப்பேன்கள் தனித்துக் கிடப்பவற்றைவிட மெதுவாகவே நீரை இழக்கின்றன என்று காட்டினார். மழை பெய்யும்போது ஒரே குடையின்கீழ் நெருங்கி நிற்போம் அல்லவா? இங்கே மழைக்கு மாறாக வறட்சிக்கு அஞ்சி நெருங்குகின்றன, வேறுபாடு அதுவே.

வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் பாலைவனத்தில் வாழும் ஒரு மரப்பேன் இனமும் உண்டு. ஈரமின்றி வாழ முடியாதென்றால் அது எப்படி அங்கே வாழ்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அது ஆணும் பெண்ணுமாக மண்ணில் ஆழமாக வளை தோண்டி, மேலே அனல் வீசினும் அடியில் ஈரம் காயாத அளவிற்கு இறங்கிவிடுகிறது. வளையின் வாயிலில் தாயோ தந்தையோ காவல் இருக்கும். தன் குடும்பத்தின் மணம் உடையவற்றை மட்டும் உள்ளே விடும், அயலாரை விரட்டிவிடும். பாலைவனத்திலும் அது கைவிடாதது அந்த ஒரு வளை ஈரத்தைத்தான்.

அதற்காக நீரில் மூழ்கிக் கிடப்பதை அது விரும்புகிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஈரம் வேறு, நீர்த்தேக்கம் வேறு. தரையில் வாழப் பழகிய மரப்பேன் நீரில் நெடுநேரம் மூழ்கிக் கிடந்தால் இறந்துவிடும். கனமழை பெய்து மண் நீரால் நிறைந்ததும் அது மேலேறி மரப்பட்டையிலும் சுவரிலும் ஊர்வதன் காரணம் இதுவே. இந்த வேறுபாட்டிற்குப் பின்னர் மீண்டும் வருகிறேன். நம் உடல்நலத்திற்கு இது மிக வேண்டியது.

நண்பர்களே, ஈரத்தை நம்பி வாழ்வது மரப்பேன் மட்டுமன்று. விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நீங்கள் ஏன் மரத்தடிக்கு ஓடுகிறீர்கள்? என் தாயாரும் பால்மரம் சீவியவர்தாம். நான் சிறுவனாயிருந்தபோது, ஏன் இருட்டிலேயே போகிறீர்கள் என்று அவரைக் கேட்டேன். “வெயில் ஏறினால் மரம் பால் கொடுக்காதடா” என்றார். அது முழு உண்மை. இரவில் மரம் வேரால் நீரை இழுத்துத் தன் பால்குழாய்களை நிரப்பிக்கொள்கிறது. விடியுமுன் அக்குழாய்களில் உள்ள அழுத்தம் காற்றின் அழுத்தத்தைப்போல் 10 மடங்கை எட்டும். உளி பட்டதும் பால் பீறிட்டு ஓடுவது அதனால்தான். கதிரவன் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன, அழுத்தம் குறைகிறது, ஒழுக்கும் குறைகிறது. நீங்கள் மங்கில் ஏந்தும் பாலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரே. ஆக, மரப்பேன் இரவில் நடமாடிப் பகலில் ஒளிவதும், நீங்கள் இருளில் எழுந்து வெயிலுக்கு முன் பால் எடுப்பதும் ஒரே கணக்கின்படி நடப்பவை.

அப்படியாயின், மரத்தின் வேருக்கு அந்நீரைத் தேக்கிக் கொடுப்பது எது? அதனடியில் உள்ள மண். மண்ணைக் காப்பது எது? மேலே கிடக்கும் சருகு.

ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரங்கள் இலையுதிர்க்கும்போது நிரை முழுவதும் சருகு மெத்தையாகிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். ஒரு ஹெக்டரில் ஆண்டுதோறும் டன் கணக்கில் இலை விழுகிறது. அவ்விலையில் மரம் மண்ணிலிருந்து எடுத்த உரச்சத்து இருக்கிறது. அது மீண்டும் மண்ணுக்குச் சேர வேண்டுமானால் இலை மக்க வேண்டும். மக்கச் செய்பவை பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும். ஆனால் முழு இலையை அவை மெதுவாகவே தின்னும். மரப்பேன், மரவட்டை, மண்புழு முதலியவை இலையை நறுக்கி, அரைத்து, எச்சமாக்கித் தருகின்றன. சமையற்கட்டில் மிளகாயை அரைத்துக் கொடுத்தால்தானே குழம்பில் காரம் விரைவில் இறங்கும்? அதுபோன்றதே இவ்வேலையும். இதற்காக மரப்பேன் சம்பளம் கேட்டதில்லை. பிரட்டுக்கு வந்து பெயர் கொடுத்ததுமில்லை.

ஆயினும் அது ஒரே ஒரு நிபந்தனை விதிக்கிறது. சருகின் அடியில் ஈரம் இருக்க வேண்டும். சருகை வாரிவிட்டால் ஈரம் போகும். ஈரம் போனால் அது போகும். அது போனால் அடுத்துவரும் சருகு மக்காமல் காய்ந்து கிடக்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. நம் முன்னோர் இதைத் தங்கள் முதுகொடிய அனுபவித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டுப் பால்மரத் தோட்டங்களில், மரங்களுக்கிடையே ஒரு புல்கூட இருத்தலாகாது என்பது பல துரைமார்களின் கொள்கையாக இருந்தது. தமிழகத்திலிருந்து வந்த நம் பாட்டனும் பாட்டியும் வெயிலில் குனிந்து புல்லைச் செதுக்கித் தரையைக் களம்போல் ஆக்கினர். பார்க்கத் துப்புரவாக இருந்தது. ஆனால் மூடாத மண்ணின்மேல் நேரே விழுந்த மழை, மேல்மண்ணை வாரிக்கொண்டு ஆற்றில் சேர்த்தது. குன்றுச் சரிவுகளில் வேர்கள் வெளியே தெரிந்தன. அத்தவறு உணரப்பட்டு, பின்னர் மூடுபயிர் வளர்க்கும் முறை பரவலாயிற்று. 1925இல் அமைக்கப்பட்டு, 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற பயற்றினக் கொடிகளை இளமரங்களுக்கிடையே வளர்க்குமாறு பரிந்துரைத்தது. அக்கொடிகள் மண்ணை மூடிக் குளிர்விக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. அவற்றின் அடியில் பழைய கட்டைகள் ஈரத்தில் விரைந்து மக்குவதால், அக்கட்டைகளைப் பற்றிக்கொண்டு வாழும் வெள்ளை வேர் நோயும் தன் உணவை விரைவில் இழக்கிறது. செதுக்கிச் செதுக்கி நம் முன்னோர் சிந்திய வியர்வையில் ஒரு பகுதி வீண்வேலைக்காகச் சிந்தப்பட்டது என்பதை எண்ணும்போது என் மனம் இன்றும் நோகிறது.

“ஐயா, நம் ஜொகூரில் மழைக்கா பஞ்சம்?” என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்மைதான், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் வட்டாரம் இது. 1972இல் அமைக்கப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் வளர்ச்சி வாரியமாகிய கெஜோரா, காடு திருத்தி உருவாக்கிய ஊர்களுள் ஒன்று நம் பண்டார் தெங்காரா. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே இருப்பீர்கள். ஆனால் அதே ஜொகூர் ஆற்றுக்கு நீர் விடும் லிங்கியூ நீர்த்தேக்கம், 2016 அக்டோபரில் ஏறத்தாழ 20 விழுக்காட்டு அளவிற்கு வற்றியதையும் மறந்துவிடக் கூடாது. மழை பெய்வது ஒன்று. பெய்த மழையை மண் பிடித்து வைத்துக்கொள்வது மற்றொன்று. சருகு மூடிய மண் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி, வறண்ட நாள்களில் சிறிது சிறிதாக விடும். மொட்டை மண்ணில் வெள்ளமும் விரைவு, வறட்சியும் விரைவு.

ஆகவே, வீட்டின் பின்புறம் சருகைக் கூட்டித் தீ வைக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது என்பது ஒருபுறமிருக்க, எரிப்பதனால் நமக்கே இழப்பு. நானும் இத்தவற்றைச் செய்தவனே. என் இளமையில், வீட்டின் பின்னே இருந்த கீரைப்பாத்தியைச் சுற்றிலும் சருகை வாரி வாரி எரித்து, துப்புரவாக வைத்திருப்பதாகப் பெருமைப்பட்டேன். இரண்டு ஆண்டுகளில் மண் செங்கல்லாயிற்று. காலையும் மாலையும் வாளி வாளியாக நீர் ஊற்றினேன். கீரை முழங்காலளவுகூட வளரவில்லை. அண்டை வீட்டுக் கிழவரோ சருகை மூலையில் குவித்து வைத்து, மக்கியதும் வாரிப் போட்டார். அவர் குவியலைக் கிளறினால் மரப்பேன் நெளியும். “பூச்சி பிடித்த குப்பை” என்று நான் ஏளனம் செய்தேன். அவர் வீட்டுக் கீரைதான் எங்கள் வீட்டிற்கும் வந்தது.

சருகுக் குவியல் வைப்போர் சில எச்சரிக்கைகளைக் கொள்ள வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சில கெஜம் தள்ளி வையுங்கள். சோறு, மீன் முள் போன்றவற்றைப் போட்டால் எலி வரும். எலியின் சிறுநீரால் கொடிய காய்ச்சல் பரவும். கிளறும்போது கையுறையும் காலணியும் வேண்டும். மரப்பேன் சில வேளைகளில் முளைக்கும் நாற்றின் இளந்தண்டைக் கடிப்பதும் உண்டு. எனவே நாற்றுப் பாத்தியில் மக்காத சருகை மூடாதீர்கள். நல்லவர் என்று சொல்லிவிட்டதனால் அவர் குறையை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது, ஈரம் வேறு, தேங்கிய நீர் வேறு என்றேனே, அதற்கு வருகிறேன். ஈரச் சருகில் ஏடிஸ் கொசு வளராது. அதற்குத் தேங்கிய நீர் வேண்டும். சீவாமல் விட்ட மரங்களில் நிமிர்ந்து தொங்கும் மங்குகள், உடைந்த வாளிகள், பழைய டயர்கள், சிரட்டைகள் ஆகிய இவையே டிங்கிக் காய்ச்சலின் தொட்டில்கள். சருகை எரித்துவிட்டு மங்கைக் கவிழ்க்காமல் விடுகிறவர், பயன் தருவதை அழித்துப் பகையை வளர்க்கிறார். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசு பெருக இடந்தருவது குற்றம். மங்கைக் கவிழ்க்க ஒரு நொடி போதும்.

மீண்டும் அந்த அம்மையாரின் வீட்டிற்குச் செல்வோம். அவர் அழைத்ததன்பேரில் நான் சென்று பார்த்தேன். மரப்பேன் ஈரத்தைக் கொண்டுவருவதில்லை; ஈரமே மரப்பேனைக் கொண்டுவருகிறது. ஆகையால் நான் பூச்சியைத் தேடாமல் ஈரத்தைத் தேடினேன். குளியலறைக் குழாயின் இணைப்பு சுவருக்குள்ளே கசிந்துகொண்டிருந்தது. கழிவுநீர்க் கால்வாய் சருகால் அடைபட்டு, நீர் சுவரடியில் ஊறிக்கொண்டிருந்தது. கதவு நிலையின் அடிக்கட்டையை விரலால் அழுத்தினேன். ஊறிய ரொட்டிபோல் உள்ளே சென்றது. சுவரின் மறுபுறத்தில், குழந்தை உறங்கும் அறையில், பாய்க்குப் பின்னால் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. குழந்தைக்கு இரவில் இருமல் என்று அவர் தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த இருமலுக்கு முழுக் காரணம் அந்தப் பூஞ்சைதான் என்று கூற நான் மருத்துவன் அல்லன். கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லும்படி கூறினேன். ஆனால் பூஞ்சை படர்ந்த அறை பிள்ளைகளின் மூச்சுக்கு ஆகாது என்பதை எந்த மருத்துவரும் சொல்வார். மூன்று முறை மருந்தடித்துக் கொன்றது, சுவருக்குள் நீர் கசிகிறது என்று இரவுதோறும் வந்து சொன்ன செய்தியாளனையே.

கால்வாயை அவர் கணவரும் நானும் அன்றே அள்ளினோம். குழாய் பழுதுபார்க்கப்பட்டது. அதற்குப் பின் மருந்து தேவைப்படவில்லை. உங்கள் வீட்டிலும் மரப்பேன் தொடர்ந்து வருமானால் முதலில் குழாய், கால்வாய், கூரை ஒழுக்கு, சுவரில் சாய்த்து வைத்த விறகு ஆகியவற்றைப் பாருங்கள். தோட்ட நிருவாகம் அளித்த வீடாயின் பழுதை எழுத்தில் தெரிவியுங்கள். தொழிலாளர் குடியிருப்பை நல்ல நிலையில் பேணும் கடமை முதலாளிக்கு உண்டு என்று 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் கூறுகிறது. ஒழுகும் குழாயைப் பற்றிச் சொல்வது சண்டைக்குப் போவது ஆகாது.

நிறைவாக, மாணவர்களுக்கு ஒரு வேலை. மூடியுள்ள பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் நனைத்துப் பிழிந்த துணியையும், மறு பாதியில் உலர்ந்த துணியையும் விரியுங்கள். பத்து மரப்பேன்களை நடுவில் விட்டு, வெளிச்சம் புகாதபடி மூடிவிடுங்கள். வெளிச்சம் இருந்தால் அவை இருட்டைத் தேடி ஓடுகின்றனவா, ஈரத்தைத் தேடி ஓடுகின்றனவா என்று தெரியாது. அரை மணி நேரம் கழித்துத் திறந்து, எந்தப் பக்கத்தில் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். ஒரு முறை மட்டும் அல்லாமல் ஐந்து முறை செய்யுங்கள். நான் சொன்னதற்கு மாறாக வந்தாலும் வந்ததையே எழுதுங்கள். முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மரப்பேன்களை எடுத்த இடத்திலேயே, அதே கட்டையின் அடியில், பொழுது சாய்வதற்குள் விட்டுவிடுங்கள். கட்டையைப் பழையபடியே கவிழ்த்து வையுங்கள்.